இரண்டு தடவை தொடங்கிய அணி

டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கதையைச் சொல்கிறவர்கள் 1974-இல் ஆரம்பித்துவிடுவார்கள். பேட் ஹெட் என்ற 22 வயதுப் பெண் பயிற்சியாளராக வந்தார், அதற்கு முன் அங்கே வெறும் கட்டாந்தரை என்பது போல. அது சரியில்லை. நாக்ஸ்வில் நகரில் அந்தப் பல்கலைக்கழகத்துப் பெண்கள் 1903-லேயே ஆட ஆரம்பித்திருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆடினார்கள். 1926-இல் நிர்வாகம் அணியைக் கலைத்தது. திரும்ப ஓர் அணி எழுந்தது 1960-களில்தான். நடுவில் ஒரு தலைமுறையே வந்து, படித்து, பட்டம் வாங்கிப் போய்விட்டது.

கலைத்தவர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுக்க வீசிய காற்று அப்படி. 1923-இல் தேசிய அமெச்சூர் விளையாட்டுக் கூட்டமைப்பில் பெண்களுக்கென்று ஒரு பிரிவு வந்தது. பின்னாளில் ஜனாதிபதியான ஹூவரின் மனைவி லூ ஹென்றி ஹூவர்தான் தலைவி. பந்தயம், பார்வையாளர் கூட்டம், டிக்கெட் பணம் இதெல்லாம் பெண்பிள்ளைகளைக் கெடுக்கும் என்றார்கள். சொன்னவர்களில் பலர் பெண்கள், அதிலும் உடற்கல்வி ஆசிரியைகள். கல்லூரிக்கும் கல்லூரிக்கும் போட்டி வேண்டாம், எல்லாக் கல்லூரிப் பெண்களையும் கலந்து குழு பிரித்து ஒரு நாள் ஆடவிட்டு, தேநீர் கொடுத்து அனுப்பினால் போதும் என்பது அவர்கள் ஏற்பாடு.

நானும் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்தான். அந்த வாதத்தின் ருசி எனக்குத் தெரியும். ஸ்போர்ட்ஸ் டே அன்று நாலு பிள்ளைகள் ஓட, நானூறு பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து கைதட்டுவதைப் பார்த்து எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. ஆனால் அந்த நாலு பேரையும் உட்காரவைப்பது எப்படித் தீர்வாகும்? உட்காரவைத்தால் ஐந்தாவது பிள்ளை எழுந்து ஓடுவாள் என்று யார் சொன்னது?

கூடைப்பந்து பெண்களிடம் வந்த கதையில் இந்தப் பயம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஜேம்ஸ் நைஸ்மித் 1891-இல் மாசசூசெட்ஸில் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பக்கத்திலேயே ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை, லித்துவேனியாவில் பிறந்து வந்தவர், அடுத்த வருடமே அதைத் தன் மாணவிகளுக்குக் கொண்டுவந்தார். 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதினார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆட்டம் தொடங்கப் பந்தை மேலே போட்ட அந்த நொடியிலேயே ஒரு பெண்ணுக்குத் தோள் மூட்டு விலகிவிட்டதாம். பெரன்சன் மைதானத்தை மூன்றாகப் பிரித்தார். அவரவர் பகுதியை விட்டு யாரும் நகரக்கூடாது. பந்தைப் பறிக்கக்கூடாது, மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, மூன்று தடவைக்கு மேல் தட்டக்கூடாது. ஆட்டத்தில் பெண்களை நிறுத்திவைக்க அவர் கொடுத்த விலை அது. விதிகளை இறுக்காமல் விட்டிருந்தால் ஆட்டத்தையே தடை செய்திருக்கலாம். இதே சாயலை இன்றும் பார்க்கவேண்டுமானால் வலைப்பந்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கைக்காக ஆடிய அந்த ஆட்டத்தில் மூன்று பகுதிகளும் உண்டு, எல்லை தாண்டினால் தப்பு என்பதும் உண்டு.

அமெரிக்கப் பள்ளிகளில் மூன்று பகுதி காலப்போக்கில் இரண்டாகச் சுருங்கியது. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மூன்று பேர் ஃபார்வர்டு, மூன்று பேர் கார்டு. நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. கார்டாக நிற்கிற பெண் எதிராளியைத் தடுப்பாள், பந்தைப் பிடிப்பாள், கோடு வரை கொண்டுவந்து அந்தப் பக்கத்தில் நிற்பவளிடம் கொடுப்பாள். அத்தோடு அவள் வேலை முடிந்தது. பள்ளிப் படிப்பு முடியும்வரை கூடையை நோக்கி ஒரு பந்துகூட எறியாமல் ஆட்டக்காரி என்று பெயர் வாங்கிவிடலாம். இதை முதன்முதலில் நாக்ஸ்வில்லில் இருக்கும் பெண்கள் கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் தெரிந்துகொண்டபோது எனக்கு நம்பமுடியவில்லை. கோயமுத்தூரில் சிமென்ட் கோர்ட்டில், முட்டியெல்லாம் சிராய்ப்போடு, நாங்கள் ஐந்து பேர் ஆட்டம்தான் ஆடினோம். மூச்சு வாங்க முழுக் கோர்ட்டும் ஓடினோம். ஆட்டம் பிறந்த நாட்டில், 1970-களிலும், சில மாநிலங்களில் பள்ளிப் பெண்கள் பாதி கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பேட் ஹெட்டும் டென்னசி மாநிலத்துப் பெண்தான். 1952-இல் பிறந்தவர். விவசாயக் குடும்பம், கண்டிப்பான அப்பா, மூன்று அண்ணன்கள். வைக்கோல் பரணில் கூடையைக் கட்டி இரவில் அண்ணன்மாரோடு ஆடிப் பழகியவர். அவர் போகவேண்டிய உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை என்பதற்காக அப்பா ரிச்சர்ட் ஹெட் குடும்பத்தையே அடுத்த கவுண்டிக்குக் குடிமாற்றினார். மகளைக் கொஞ்சிப் பேசத் தெரியாத மனிதர் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பிள்ளையின் பந்துக்காக வீடு மாறியவரை நான் அப்படிச் சொல்லமாட்டேன். கல்லூரியில் அண்ணன்களுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது. பேட்டுக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் பெண்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. பெற்றோர்தான் கட்டணம் கட்டினார்கள்.

1972-இல் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையமும் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்பது சாரம். சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் விளையாட்டில்தான் அது அதிகம் வேலை செய்தது. இரண்டு வருடம் கழித்து நாக்ஸ்வில்லில் பேட் ஹெட் வேலைக்குச் சேர்கிறார். துணைப் பயிற்சியாளர் என்றுதான் கூப்பிட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர் விடுப்பில் போகவே, முழுப் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. மாதம் 250 டாலர். அதோடு முதுகலைப் படிப்பு, வகுப்பெடுக்கும் வேலை, அடிபட்ட முழங்காலுக்குச் சிகிச்சை, ஒலிம்பிக் ஆசை. அணியின் சீருடை டோனட் விற்ற காசில் வாங்கியது. வேனை ஓட்டியதும் அவர்தான், சீருடையைத் துவைத்ததும் அவர்தான். வெளியூர் ஆட்டத்துக்கு முந்தின இரவு எதிரணியின் உள்ளரங்கத் தரையிலேயே பாய் விரித்துப் படுத்த கதையும் உண்டு.

முதல் ஆட்டம் 1974 டிசம்பர் 7-ஆம் தேதி, மெர்சர் பல்கலைக்கழகத்தோடு. 84-83, ஒரு புள்ளியில் தோல்வி. முதல் வெற்றி ஜனவரி 10-ஆம் தேதி மிடில் டென்னசியோடு, 69-32. ஆட்டக்காரிகளில் சிலர் பயிற்சியாளரைவிட ஒரு வயதுதான் இளையவர்கள். இரண்டே வருடத்தில் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் இணைத் தலைவியாக அவர் வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து நுழைந்ததே அந்த 1976-இல்தான்.

அதே 1976-இல் நாக்ஸ்வில்லுக்குப் பக்கத்து ஓக் ரிட்ஜ் ஊரின் பள்ளி மாணவி ஒருத்தி நீதிமன்றத்துக்குப் போனாள். அவள் கார்டு. பாதி கோர்ட்டில் நிற்கவைத்தால் எனக்குக் கல்லூரி உதவித்தொகை யார் கொடுப்பார்கள் என்பது அவள் கேள்வி. பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் பதில் நமக்குப் பழக்கமானதுதான்: ஆறு பேர் என்றால் இன்னொரு பெண்ணுக்கு இடம் கிடைக்கும், வேகம் குறைந்தவளும் ஆடலாம், கூட்டமும் அதைத்தான் விரும்புகிறது. மாவட்ட நீதிமன்றத்தில் மாணவி ஜெயித்தாள். மறு வருடம் மேல்முறையீட்டில் தோற்றாள். சட்டப்படி கதை அங்கே முடிந்தது. ஆனால் பேட் ஹெட் விடவில்லை. பாதி ஆட்டம் கற்ற பெண்ணை என் அணியில் எடுத்து முதலிலிருந்து கற்றுக்கொடுக்க எனக்கு நேரமில்லை, வெளி மாநிலத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்ற நிலையை வெளிப்படையாகவே எடுத்தார். சொந்த மாநிலப் பல்கலைக்கழகம் சொந்த மாநிலப் பிள்ளைகளை வேண்டாம் என்றால் பெற்றோர் சும்மா இருப்பார்களா? 1979-இல் டென்னசிப் பள்ளிகள் ஐந்து பேர் ஆட்டத்துக்கு மாறின. அயோவாவில் இந்தக் கோடு 1993 வரை இருந்தது. ஓக்லஹோமாவில் 1995 வரை.

கோப்பைகளைவிட இந்த ஒரு காரியத்தைத்தான் நான் மேலே வைப்பேன். கோப்பை அவர் அணிக்கு வந்தது. இது அவர் கண்ணில்கூடப் படாத பிள்ளைகளுக்கும் கிடைத்தது.

இன்னொன்றும் பலர் கவனிக்காமல் போவது. 1976 முதல் அந்தப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் விளையாட்டுக்குத் தனி நிர்வாகம் இருந்தது. முதலில் குளோரியா ரே, 1983 முதல் ஜோன் க்ரோனன் என்று பெண்களே இயக்குநர்கள். ஒரே வளாகத்தில் தனிக்குடித்தனம். அடுப்பும் வேறு, கணக்கும் வேறு. கால்பந்துக்காரர்களின் செலவு போக மிஞ்சியதைக் கேட்டுக் கையேந்தி நிற்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் இப்படி இருந்த பெரிய பல்கலைக்கழகங்கள் மிகக் குறைவு. 1987-இல் புதிதாகத் திறந்த தாம்ப்சன்-போலிங் அரங்கத்தில் டிசம்பர் 9 அன்று டெக்சாஸோடு ஆட்டம். 24,563 பேர் வந்தார்கள். பெண்கள் கூடைப்பந்தில் அதுவரை அப்படி ஒரு கூட்டத்தை யாரும் பார்த்ததில்லை. ஆட்டத்தில் தோற்றார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த வருட மார்ச்சில்தான் முதல் தேசியப் பட்டம், லூசியானா டெக்கை 67-44 என்று அடித்து. அதற்கு முன் இறுதியாட்டம் வரை போய்ப் போய்த் திரும்பியவர்கள் அவர்கள். 1989, 1991, பிறகு 1996, 97, 98 என்று வரிசையாக மூன்று. 1998 அணி 39 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஷமீக் ஹோல்ட்ஸ்கிளா, செமீகா ராண்டல், பிறவியிலேயே காது மந்தமான தமிகா கேச்சிங்ஸ் என்ற மூவரும் ஆடிய அணி, பத்திரிகைகள் கொண்டாடின. எனக்கு 1997 அணிதான் பிடிக்கும். பத்து ஆட்டம் தோற்றார்கள். ஊரே கைகழுவிவிட்ட நிலையில் போட்டிக்குள் போய்ப் பட்டத்தோடு வந்தார்கள். பத்துத் தோல்விக்குப் பிறகும் பிள்ளைகளைப் பயிற்சிக்கு வரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பி.டி. டீச்சர்களுக்குத் தெரியும்.

1980-இல் திருமணமாகி பேட் சம்மிட் ஆகியிருந்தார். 1990 செப்டம்பரில் நிறைமாதக் கர்ப்பத்தோடு மிஷல் மார்சினியாக் என்ற பள்ளிப் பெண்ணை அணிக்குக் கேட்க விமானத்தில் பென்சில்வேனியா போனார். அந்த வீட்டிலேயே பிரசவ வலி ஆரம்பித்துவிட்டது. திரும்பும் வழியில் விமானி வர்ஜீனியாவில் இறக்கிவிடுகிறேன் என்றார். முடியாது என்றுவிட்டார் சம்மிட். அந்த வருடம்தான் வர்ஜீனியா அணி இவர்களைத் தோற்கடித்து, நாக்ஸ்வில்லிலேயே நடந்த கடைசிக் கட்டப் போட்டியில் ஆடவிடாமல் செய்திருந்தது. பிள்ளை டென்னசியில்தான் பிறந்தான். இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிற்றைக் கலக்குகிறது. மார்சினியாக் முதலில் வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பிறகு மாறி வந்து, 1996 பட்டத்தில் சிறந்த ஆட்டக்காரி ஆனார்.

யூகான் என்கிற கனெக்டிகட் அணியோடு 1995-இல் ஆரம்பித்த பகை இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பிரபலமாக்கியது. 2007-இல் சம்மிட்டே அந்த ஆட்டங்களை நிறுத்திவிட்டார். அதில் பட்டியல் போடுமளவு வம்பு உண்டு, இங்கே வேண்டாம். 2005-இல் 880-ஆவது வெற்றியோடு ஆண்கள் கல்லூரி அணிப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் வெற்றி எண்ணிக்கையைத் தாண்டினார். 250 டாலரில் தொடங்கியவரின் சம்பளம் 2006-இல் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலரைக் கடந்தது. பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அதுதான் முதல் தடவை. 2007-லும் 2008-லும் கேண்டஸ் பார்க்கரை வைத்து மேலும் இரண்டு பட்டம், ஆக எட்டு. அவரிடம் முழுக்காலமும் ஆடி முடித்த அத்தனை பேரும் கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார்கள். வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்காரவேண்டும் என்பது அணி விதி.

2011 ஆகஸ்டில், 59 வயதில், அல்சைமர் வகை மறதிநோய் தொடங்கிவிட்டது என்று அவரே அறிவித்தார். இன்னும் ஒரு பருவம் பயிற்சி கொடுத்தார். 2012-இல் விலகியபோது 1,098 வெற்றி, 208 தோல்வி. 2016 ஜூன் 28-இல் காலமானார்.

அவர் விலகிய அதே 2012-இல் ஆண், பெண் நிர்வாகங்கள் ஒன்றாயின. அடுத்து, கூடைப்பந்து தவிர மற்றப் பெண்கள் அணிகளுக்கு ‘லேடி வால்ஸ்’ என்ற பெயர் வேண்டாம் என்று எடுத்தார்கள்; பழைய ஆட்டக்காரிகளும் ஊர்க்காரர்களும் சண்டை போட்டு 2017-இல் திரும்ப வாங்கினார்கள். சம்மிட்டின் பழைய ஆட்டக்காரி ஹோலி வார்லிக் பயிற்சியாளரானார், பிறகு இன்னொரு பழைய ஆட்டக்காரி கெல்லி ஹார்ப்பர். ஒன்பதாவது பட்டம் வரவில்லை.

2024-இல் கிம் கால்ட்வெல் வந்தார். இவர் சம்மிட்டிடம் ஆடியவர் இல்லை. ஐந்து பேரையும் மொத்தமாக உள்ளே அனுப்பி, கொஞ்ச நேரத்தில் மொத்தமாக மாற்றி, 94 அடி கோர்ட் முழுக்க எதிராளியைத் துரத்தவைப்பது இவர் முறை. பிள்ளைகளுக்கு ஆட்டம் சூடேறும் முன்பே வெளியே இழுக்கிறாரே என்று எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை. 2025 ஜனவரியில் அவருக்கு மகன் பிறந்தான். ஒரு வாரத்தில் அணியோடு நின்றார். பிப்ரவரி 6-ஆம் தேதி நாக்ஸ்வில்லில் யூகானோடு ஆட்டம். 80-76. யூகானை டென்னசி ஜெயித்து 2007-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.