அரசிழந்த இரு மொழிகள்

போலந்து நாட்டார் பன்றித்தொடை இறைச்சியை 'ஷின்கா' என்பர்; நார்வே நாட்டார் 'ஷிங்கெ' என்பர். நகர மன்றக் கட்டடம் முன்னவர்க்கு 'ரத்துஷ்'; பின்னவர்க்கு 'ரோட்ஹூஸ்'. இதைக் கொண்டு இவ்விரு மொழிகளும் உடன்பிறந்தவை என எண்ணிவிடலாகாது. இடைக்காலத்தில் ஜெர்மானிய வணிகரும் கைவினைஞரும் இரு நாட்டு நகரங்களிலும் இறக்கிவிட்டுச் சென்ற சரக்குகள் இவை.

இந்தோ-ஐரோப்பியப் பெருங்குடும்பத்தில் போலிஷ் ஸ்லாவியக் கிளையது. நார்வேஜியன் ஜெர்மானியக் கிளையது. போலிஷ் பெயர்ச்சொல் ஏழு வேற்றுமைகளை ஏற்கும். விளி வேற்றுமையும் அவற்றுள் ஒன்று. எட்டு வேற்றுமை படித்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நார்வேஜியனோ தன் முன்னோர் மொழியின் நான்கு வேற்றுமைகளையும் எழுத்து வழக்கில் ஏறக்குறைய முற்றாக உதிர்த்துவிட்டது. நான் என்றாலும் நீ என்றாலும் அவர்கள் என்றாலும் அதன் வினைச்சொல் ஒரே வடிவில் நிற்கும். இலக்கண ஒப்பீடு இவ்வளவில் நிற்க. இவ்விரு மொழிகளையும் அருகருகே வைக்க நம்மைத் தூண்டுவது அவற்றின் வரலாறு. இரண்டும் தமக்குரிய அரசை இழந்தவை. இழந்தபின் ஒன்று எழுத்தைக் காத்துக்கொண்டது, மற்றது பறிகொடுத்தது. ஏன்?

நார்வே 1349இல் வந்த கொள்ளைநோயில் தன் மக்களில் பாதிப் பேரையோ அதற்கும் மேலாகவோ இழந்தது. ஓலை எழுதவும் படியெடுக்கவும் வல்லவர்களும் அவர்களோடு மாண்டனர். 1380இல் நார்வேயும் டென்மார்க்கும் ஒரே மன்னரின் கீழ் வந்தன. 1536க்குப் பின் நார்வே பெயரளவில்தான் தனி நாடு. மதச்சீர்திருத்தம் வந்தபோது மக்கள் கையில் கிடைத்தது 1550இல் வெளியான டேனிஷ் விவிலியமே. நார்வேஜியனில் ஒன்று உருவாகவில்லை. நாட்டுக்கு முதல் அச்சகம் வந்ததே 1643இல்தான். இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. டேனிஷ் அயல்மொழியன்று, நெருங்கிய உறவுமொழி. டேனிஷ் ஏட்டை நார்வேஜிய ஒலியில் வாசித்துவிடலாம். கேட்போர்க்கும் பொருள் விளங்கும். எனவே எழுத்துமொழி பறிபோவதை எவரும் பறிப்பாக உணரவில்லை. எதிர்ப்பதற்கு ஒரு முகமே எதிரில் இல்லை. பகைமொழியைவிட உறவுமொழியே ஒரு மொழிக்குப் பெரிய இடர் என்பது நம் கருத்து.

போலந்தின் கதை வேறு. 1795இல் மூன்றாம் பிரிவினையோடு ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்றும் அந்நாட்டை முற்றாகப் பங்கிட்டுக்கொண்டன. 1918 வரை 123 ஆண்டுகள் போலந்து என்றொரு தனியரசு இல்லை. ஆனால் அந்த இழப்பு நேரும் முன்பே அம்மொழி ஓர் இலக்கியத்தைச் சேர்த்து வைத்திருந்தது. மிகொலாய் ரேயும் யான் கொகனோவ்ஸ்கியும் 16ஆம் நூற்றாண்டினர். கொகனோவ்ஸ்கி தம் இளம் மகளை இழந்து பாடிய இரங்கற்பாக்கள் 1580இல் அச்சேறின. யாகுப் வூயெக்கின் விவிலியம் 1599இல் வந்தது. அரசு போன பிறகும் வார்சாவில் சாமுவேல் லிண்டே 1807 முதல் 1814 வரை ஆறு தொகுதிகளாகப் பேரகராதி வெளியிட்டார். மிட்ஸ்கியேவிச்சின் 'பான் ததேயுஷ்' காப்பியம் 1834இல் பாரிசில் வெளிவந்தது.

அடக்குமுறையும் இங்கே முகம் காட்டியது. வார்சாப் பல்கலைக்கழகம் 1869இல் ரஷ்யமொழி நிறுவனமாயிற்று. மக்கள் மறைவில் கூடிப் போலிஷில் கற்றனர். 'பறக்கும் பல்கலைக்கழகம்' என்று அதற்குப் பெயர். பின்னாளில் மேரி கியூரியான இளம்பெண் அங்கே பயின்றவர். 1901இல் பிரஷ்யப் பகுதியின் வெஜெஷ்னியா ஊரில், மதபாடத்தை ஜெர்மனில் ஒப்பிக்க மறுத்த குழந்தைகள் பிரம்படி பட்டனர். திரண்டு எதிர்த்த பெற்றோர் சிலர் சிறை சென்றனர். பிரம்பு பட்ட மொழியை எளிதில் மறக்க முடிவதில்லை.

போலிஷை என்றும் அடிபட்ட மொழியாகவே காண்பதும் பிழை. லித்துவேனியப் பெருங்கோமகத்தின் ஆவணமொழியாக நெடுங்காலம் இருந்த ருத்தேனியத்தை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகற்றி அங்கே அமர்ந்ததும் போலிஷ்தான். தன் எழுத்தைத் தேடித் தவித்த அதே 19ஆம் நூற்றாண்டு நார்வேயும், வடக்கே வாழும் சாமி மக்களின் பிள்ளைகள்மீது நார்வேஜியனைத் திணித்தது.

1814இல் நார்வே டென்மார்க்கிடமிருந்து பிரிந்து அரசியலமைப்புப் பெற்றது. அவ்வாண்டே ஸ்வீடனோடு இணைய நேர்ந்தது வேறு கதை. முழு விடுதலை 1905இல். எவ்வாறாயினும், தனி நாடாகியும் கையில் இருந்த எழுத்து டேனிஷ். இரண்டு பேர் இரண்டு வழி சொன்னார்கள். பள்ளியாசிரியர் குனூட் குனூட்சென் டேனிஷையே படிப்படியாக நார்வேஜியப் பேச்சுக்கு இசைய மாற்றலாம் என்றார். உழவர் மகன் ஈவார் ஓசென் ஏற்கவில்லை. 1842 முதல் ஊர் ஊராக நடந்து கிளைமொழிகளைக் குறித்து, 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் தந்தார். மக்கள் நாவில் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டி ஓர் எழுத்துமொழியையே கட்டினார். நம் நெஞ்சம் ஓசென் பக்கமே சாய்கிறது. ஆனால் பெரும்பான்மையோர் நடந்தது குனூட்சென் வழியில்.

1885இல் நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம உரிமை வழங்கியது. 1929இல் அவை பூக்மோல், நீநோர்ஸ்க் என்னும் பெயர்களைப் பெற்றன. இரண்டையும் ஒன்றாக உருக்கிவிட அரசு பல பத்தாண்டுகள் முயன்று, 2002இல் அம்முயற்சியைக் கைவிட்டது. நீநோர்ஸ்க் எழுதுவோர் இன்றும் சிறுபான்மையினரே. எனினும் 2023இல் நோபல் பரிசு பெற்ற யோன் ஃபோசெ எழுதுவது ஓசென் கட்டிய அந்த மொழியில்தான். குடிமகன் ஒருவர் இரண்டில் எந்த எழுத்தில் அரசுக்குக் கடிதம் எழுதுகிறாரோ, அந்த எழுத்திலேயே அரசு அலுவலகம் பதில் எழுத வேண்டும் என்பது நார்வேயின் சட்டம்.