வாடின செடியும் ஒரு டம்ளர் தண்ணியும்

தென்காசி, குற்றாலம் பக்கம் சீசனுக்கு வர்றவங்க ஊருக்குத் திரும்பும்போது சிப்ஸ் பாக்கெட்டோட பூச்செடித் தொட்டி ஒண்ணையும் தூக்கிட்டுப் போறதுண்டு. செடி பச்சைப்பசேல்னு இருக்கும். உள்ளே நோய் இருக்கான்னு எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கு மக்களே.

1896-ல அமெரிக்காவின் எர்வின் ஸ்மித், தக்காளி, கத்திரி, உருளைக்கிழங்கை வாட வைக்கிற பாக்டீரியாவை விவரிச்சு எழுதினார். இன்னிக்கு அதன் பேர் ரால்ஸ்டோனியா. மண்ணுல வருஷக்கணக்கா தங்கும்.

வாடலுக்குக் காரணம் பூஞ்சையா, பாக்டீரியாவான்னு பார்க்க ஒரு பழைய வழி உண்டு. அடித்தண்டை வெட்டி, வெட்டின முனையைத் தெளிஞ்ச தண்ணியில தொங்க விடணும். பாக்டீரியான்னா சில நிமிஷத்துல பால் மாதிரி வெள்ளை இழை இறங்கும். செலவு? ஒரு டம்ளர் தண்ணி!

ஆனா வாடாத செடிகிட்ட இது பலிக்காது. அதுக்குத்தான் எதிர்ப்புப்புரதம் வந்துச்சு. 1971-ல ஸ்வீடனின் எங்வாலும் பெர்ல்மனும் எலைசா முறையை வெளியிட்டாங்க. அப்புறம் வந்தது பட்டை. தண்டை நசுக்கின சாறுல முக்கினா, கர்ப்பம் பார்க்குற அட்டை மாதிரி நிமிஷத்துல கோடு காட்டிரும்.

இதுக்கு நிஜப் பரீட்சை 2003-ல வந்தது. ஊட்டிப் பக்கம் தொட்டியில பூக்குமே ஜெரேனியம், அதோட குச்சிகள் கென்யாவுல இருந்து அமெரிக்கா போச்சு. பார்க்க நல்ல குச்சி, உள்ளே ரால்ஸ்டோனியா. அதுவும் குளிர் பிரதேச உருளைக்கிழங்கைத் தாக்குற ரகம். அந்த ரகத்தை 2002 சட்டப்படி அபாயப் பட்டியல்ல வேற சேர்த்திருந்தாங்க. செடிகளை அழிச்சாங்க, பசுமைக்குடில்களுக்குத் தடை போட்டாங்க. 2020-ல குவாத்தமாலா குச்சியிலும் இதே கதை.

இங்கதான் விஷயமே இருக்கு. பட்டை 'ரால்ஸ்டோனியா இருக்கு'ன்னு சொல்லும். எந்த ரகம்னு சொல்லாது. சாதாரண ரகம் அங்கே தெற்கு மாநிலங்கள்ல ஏற்கெனவே உண்டு. அதனால ரகத்தைப் பிரிக்க பி.சி.ஆர். சோதனைக்குக் காத்திருக்கணும். டம்ளர், பட்டை, பி.சி.ஆர். மூணும் மூணு வேற கேள்விக்குப் பதில். ஒண்ணோட பதிலை வச்சு இன்னொண்ணை முடிவு பண்ணினா, நல்ல செடியையும் அழிப்போம், இல்லேன்னா கெட்டதை விட்டுருவோம்.

நம்ம வீட்டுக்கு டம்ளரே போதும். புதுத்தொட்டியைக் கொஞ்ச நாள் தனியா வையுங்க. திடீர்னு வாடி, தண்ணியில வெள்ளை இழை விட்டுச்சுன்னா, உரக்குழியில போடாதீங்க, எரிச்சிருங்க. அந்த மண்ணையும் தக்காளி, கத்திரி, மிளகாய், இஞ்சிப் பாத்திப் பக்கம் கொட்டிராதீங்க.

செடி வெட்டின கத்தியைக் கழுவ மறக்காதீங்க!