கர்ணத்தின் கலங்கள்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூருக்குப் போகும் சாலையில், ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது சந்தவாசல். படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கேதான் மேற்கே திரும்ப வேண்டும். இந்தப் பக்கத்து நிலம் ஒவ்வொன்றின் விவரத்தையும் இன்று செல்பேசியிலேயே பார்த்துவிடலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற அரசுத் தளம் ஊரின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டின் ஒரு வரியை எடுத்து நீட்டுகிறது. அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் விவரத்தைப் பேணும் கிராம நிர்வாக அலுவலருக்கு எச்.டி.எம்.எல். தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. கோடிங் தெரியாமலே வலைத்தளத்தில் அட்டவணை போடலாம் என்று மென்பொருள்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்களே, அந்த ஏற்பாடு நம் கிராமக் கணக்குக்கு அப்படியொன்றும் புதிதல்ல. அட்டவணையின் சட்டத்தை ஒருவர் வகுக்க, இன்னொருவர் நிரப்புவது இங்கே கணினிக்கு வெகு முன்பே நடைமுறை. அந்த வரலாற்றில் கோடு போடத் தெரியாதது எவருக்கும் பெரிய தடையாக இருக்கவில்லை. எந்தெந்தக் கலம் வேண்டும் என்று யார் முடிவு செய்வது, தப்பாக ஏறியதை யார் திருத்துவது என்ற இரண்டில்தான் சிக்கலெல்லாம் இருந்தது. இன்றைய வலை அட்டவணையையும் அந்த இரண்டை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கோடே இல்லாத அட்டவணையிலிருந்து தொடங்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில், இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டைச் (கி.பி. 1014) சேர்ந்த நீண்ட கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரே வரிசையில் விவரம் வருகிறது. கல்தச்சன் இதை நெடுக ஓடும் வாக்கியமாகத்தான் வெட்டினான். ஆனாலும் அதை அப்படியே எக்ஸெலில் ஏற்றினால் பெரும்பாலும் தானாகவே கலம் கலமாகப் பிரிந்துகொள்ளும். இது இன்றைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழையதைப் படிப்பது என்று ஒருவர் மறுக்கலாம். கல்வெட்டை வெட்டியவர்கள் 'அட்டவணை' என்று நினைத்திருக்க மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் அந்தக் கல்வெட்டே அதற்கு மேல் ஒன்றைச் செய்கிறது. பட்டியலில் உள்ள ஒருவர் இறந்தாலோ வெளியூர் போய்விட்டாலோ அந்தப் பங்குக்கு யார் வருவது, நெருங்கிய உறவினர் தகுதியில்லாதவராக இருந்தால் என்ன செய்வது என்றும் விதிக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் போகும்போது பட்டியல் பழையதாகிவிடுமே என்ற கவலை வராமல் இருக்குமா? கல்லில் வெட்டும்போதே திருத்தத்துக்கும் வழி வைத்திருக்கிறார்கள். சோழர் நிலக்கொடைகளிலும் இதே எச்சரிக்கையைக் காணலாம். புரவுவரி, வரிப்பொத்தகம், முகவெட்டி என்று பல பதவிக்காரர்கள் கூடி இருந்துதான் ஒரு கொடை வரிக்கணக்கில் ஏறியது. ஆனைமங்கலச் செப்பேடு அவர்கள் பெயர்களை வரிசையாகவே சொல்கிறது. ஒரு பதிவு பல கண்களைத் தாண்டித்தான் உள்ளே வந்திருக்கிறது.

கிராமத்தில் இந்த வேலை கர்ணம் என்றும் கணக்கன் என்றும் கணக்குப்பிள்ளை என்றும் அழைக்கப்பட்டவரிடம் இருந்தது. அவருடைய தாள் பனையோலை. அதில் பரந்த கட்டங்களுக்கு இடமில்லை என்பதால் குறிகளால் ஈடுகட்டினார்கள். வரவு, பற்று, மேற்படி, நாள், மாதம், வருடம் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி இருந்தது. மேற்படிக் குறி (௸) ஒன்றே போதும், மேல் வரியில் உள்ள விவரம் கீழ் வரிக்கும் இறங்கிவிடும். நிலத்தைக் காணி, முந்திரி, கீழ்முந்திரி என்று பின்னத்துக்குள் பின்னமாக எழுதினார்கள். முந்திரி ஒன்றில் 320-இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அந்த முந்திரியிலும் 320-இல் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ஒப்பித்தே வளர்ந்தவருக்கு இதெல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இந்தத் திறமைக்காகவே புழங்கின. ஆக அன்றைய அட்டவணைக்கும் ஒரு 'கோடிங்' தேவைப்பட்டது. அது மனக்கணக்கும் குறி எழுத்தும். அது தெரியாதவர் ஓலையைக் கையில் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. கர்ணத்தின் அதிகாரத்தில் பாதி இந்த விளங்காமையிலிருந்து வந்தது. வரவு, பற்று, மேற்படி முதலான குறிகள் 2003-இல் யூனிகோடில் இடம்பெற்றன. பழைய பின்னங்களும் வேறு பல கணக்குக் குறிகளும் 2019-இல்தான் சேர்ந்தன. அவற்றை வைத்துக் கணக்கு எழுதுபவர்கள் போன பிறகு கணினிக்கு அவை தெரிய வந்தன என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்ததும் இந்த ஓலைகளின் மேல் கண் வைத்தது. தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுப் பகுதியில் ஏறத்தாழ 2,000 ஊர்களின் விவரத்தைத் திரட்டினார். அந்த விவரங்களுக்கு அடிப்படையாக இருந்தவை ஊர்க் கணக்குகளே. ஜவ்வாது மலைக்கு மேற்கே பாராமகாலில் 1792-க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீடும் அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து உழவரிடமே நேராக வரி வைக்கும் ரயத்துவாரி முறையை உருவாக்கினார்கள். 1801-இல் ஆற்காட்டு நவாபின் நாடு கம்பெனி கைக்கு வந்தபோது சந்தவாசல் பகுதி வடஆற்காட்டுக்குள் போயிற்று. 1989-இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரியும் வரை அதிலேயே இருந்தது. 1802-இல் சென்னை அரசு கர்ணங்களுக்கென்றே 29-ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. ஊர்க்காரரின் கணக்கன் என்ன பதிவேடு வைக்க வேண்டும் என்று இனி மேலிடம் சொல்லும். கால ஓட்டத்தில் எண்ணிட்ட கிராமக் கணக்குகள் வந்தன. 2-ஆம் எண் கணக்கு அடங்கல், 10(1) சிட்டா என்று இன்றும் அந்த எண்களைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். அச்சடித்த படிவத்தில் கோடும் தலைப்பும் ஏற்கெனவே இருக்கும். கர்ணம் நிரப்பினால் போதும். அட்டவணை செய்யும் தொழிலிலிருந்து அதை வடிவமைக்கும் வேலை பிரிந்துபோனது இங்கேதான்.

அந்த வடிவமைப்பு எவ்வளவு தீர்மானமானது என்பதை அ-பதிவேட்டிலேயே பார்க்கலாம். புல எண், உட்பிரிவு எண், பழைய புல எண், அரசு நிலமா ரயத்துவாரியா, நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம், இருபோக நிலமா, மண் வயனமும் ரகமும், மண் தரம், தீர்வை வீதம், பரப்பு, மொத்தத் தீர்வை, பட்டா எண்ணும் பெயரும், குறிப்பு. மண்ணின் நிறம் வரை விசாரிக்கிற இந்தக் கலங்களில் உழுகிறவர் யார் என்ற கேள்விக்கு இடமில்லை. தீர்வை கட்ட வேண்டியவர் யார் என்பதற்குத்தான் இருக்கிறது. குத்தகைக்காரருக்குத் தனிப் பதிவேடு வேண்டும் என்று 1969-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. மலையடிவாரத்து ஊர்களுக்குப் பாசன ஆதாரம் என்ற கலம் உயிர்நாடி. மலையில் பெய்த மழை ஓடையாக இறங்கி ஏரிக்கு வந்து மதகு வழியாக வயலுக்குப் போகிற இடத்தில், ஒரு புலத்துக்கு எதிரே 'ஏரி' என்று எழுதியிருக்கிறதா இல்லையா என்பது தண்ணீர்த் தகராறில் சாட்சியாகவே நிற்கும். ஆனால் எந்த மதகு, எத்தனையாவது முறை என்பதற்குக் கலம் கிடையாது. அதெல்லாம் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியின் நினைவில்தான் இருந்தது. வரி வாங்குகிறவர் வகுத்த அட்டவணை, வரிக்கு வேண்டியதை மட்டும் கேட்டது.

இப்படிச் சொல்லும்போது பழைய கர்ணத்தைத் தூக்கிப் பிடிப்பதாகத் தோன்றினால் அது சரியல்ல. அந்தப் பதவி பரம்பரையாக இறங்கியது. 1895-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாரிசுரிமைக்கு எழுத்திலேயே உறுதி தந்தது. கணக்குப் பெட்டி ஒரே வீட்டுக் கூடத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும். பட்டாவில் பெயர் மாற்ற வேண்டுமென்றால் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். எந்தச் சாதிக்காரர் திண்ணை வரை வரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதும் அதில் அடங்கியது. ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் இந்தப் பரம்பரை உரிமை அரசமைப்புச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவிகள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஒரே வீச்சில் ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982-இல் அதை ஏற்றது. தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார். தமிழ்நாட்டு அட்டவணை வரலாற்றில் இதற்கு ஈடான மாற்றத்தை எந்த மென்பொருளும் கொண்டுவரவில்லை என்பது என் கணிப்பு. கலங்கள் அப்படியே இருக்க, நிரப்பும் கை மாறியது.

ஆனால் அந்தப் பழைய முறையில் இன்றும் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு: ஜமாபந்தி. பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கும்; 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. ஆண்டு முடிவதற்குள், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், ஊர்க் கணக்குகள் எல்லாம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மூட்டையாகப் போகும். மாவட்ட அளவிலான அதிகாரி ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கிராமத்தின் கணக்காகப் புரட்டுவார். நிலம் அளக்கும் சங்கிலியைக்கூட நீட்டிப் பார்ப்பார்கள். அளவுகோலே தப்பாக இருந்தால் மற்றதெல்லாம் என்ன ஆவது? அங்கேயே ஊர்க்காரர்கள் மனுவோடு நிற்பார்கள். எழுதியவரும் எழுதப்பட்டவரும் சரிபார்ப்பவரும் ஒரே இடத்தில் முகத்துக்கு முகம் பார்ப்பது ஆண்டுக்கு ஒரு தடவையாவது நடந்தது. ஜமாபந்தி வெறும் சடங்காகிவிட்டது என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. பல இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். இருந்தாலும் ஒரு பதிவேட்டுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் குறித்து, அந்த நாளில் குறை சொல்ல எவருக்கும் உரிமை தந்த ஏற்பாடு சாதாரணமானதல்ல.

அந்தச் சரிபார்ப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டம் காட்டியது. 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை மாநிலம் முழுக்கப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். ஏக்கர் ஹெக்டேராயிற்று, பழைய எண் புது எண்ணாயிற்று, இறந்தவர் பெயர் போய் வாரிசு பெயர் ஏற வேண்டும். கர்ணங்கள் வேலையிழந்ததும் இதே காலத்தில்தான். பல ஊர்களில் அண்ணன் பெயரில் தம்பி நிலமும் சேர்ந்து போயிற்று. பரப்பு கூடியது, குறைந்தது. விற்றவர் பெயரே நின்றது. யு.டி.ஆர். தப்பு என்று சொன்னால் இன்றும் எந்த வட்டாட்சியர் அலுவலகத்திலும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பின்னர் 'தமிழ்நிலம்' மென்பொருளில் இந்தப் பதிவுகளை ஏற்றியபோது பிழைகளும் கூடவே ஏறின. தாளில் பிழை இருந்தபோது அடித்தல் திருத்தலும் மைநிறமும் சந்தேகத்தைக் கிளப்பும். திரையில் எல்லா வரியும் ஒரே அச்சில், ஒரே தெளிவில் நிற்கிறது. பிழைக்கும் சரிக்கும் ஒரே முகம்.

வலையின் பக்கம் வந்தால் கதை சிறியது. 1979-இல் டேன் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளைச் செய்தார்கள். வடிவமும் நிரப்பலும் அதில் ஒரே கையில் சேர்ந்தன. வலைப்பக்க மொழியில் தொடக்கத்தில் அட்டவணைக்கென்று குறியே கிடையாது. அட்டவணைக்கு டேவ் ராகெட் எழுதிய வரையறை 1996-இல் வெளிவந்தது. உலாவிகளில் அட்டவணைக் குறி வருவதற்கு முன்பு இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டி நேர்ப்படுத்தினார்கள். தமிழில் அதுவும் கைகொடுக்காது. 'ர' குறுகலானது, 'ணௌ' அரை வரியை அடைப்பது. எத்தனை இடைவெளி விட்டாலும் வரிசை கோணும். நமக்கு இன்னொரு தொல்லை எழுத்துரு. 1999-இல் அரசு டேப், டேம் என்ற குறிமுறைகளை ஏற்றது. 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. அதற்கிடையில் அலுவலகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் வானவில், பாமினி எழுத்துருவில் தட்டிய எக்ஸெல் கோப்புகள் குவிந்தன. அவற்றை வலையில் போட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விரியும். அதனால் அட்டவணையை அச்செடுத்து, ஸ்கேன் செய்து, பி.டி.எஃப். ஆக ஏற்றும் பழக்கம் வந்தது. அது இன்னும் போகவில்லை. பார்க்கலாம், தேட முடியாது, கூட்ட முடியாது. கோடிங் தெரியாததால் வந்த வினை அல்ல இது. தட்டச்சு செய்தவர் யார் படிப்பார் என்று யோசிக்காததால் வந்தது.

இன்று கூகுள் ஷீட்ஸில் பட்டியலிட்டு இரண்டு பொத்தானை அழுத்தினால் அது வலைப்பக்கமாகிவிடும். வேர்ட்பிரஸில் டேபிள்பிரஸ் என்ற செருகுநிரலைப் போட்டால் கட்டம் கட்டமாக நிரப்பிச் செருகலாம். கோயில் திருப்பணிக் கமிட்டியின் நன்கொடைக் கணக்கோ உழவர் குழுவின் விலைப்பட்டியலோ வலையேற இனி யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. கலங்களை வகுக்கும் உரிமையும் முதன்முறையாக ஊர்க்காரர் கைக்கு வந்திருக்கிறது; எந்த மதகு, எத்தனையாவது முறை என்று கேட்கும் அட்டவணையை அவர்களே போட்டுக்கொள்ளலாம். எல்லோரும் பார்க்கும்படி இருந்தால் அதுவே பெரிய சரிபார்ப்பு ஆயிற்றே, தனியாக ஜமாபந்தி எதற்கு என்று கேட்கலாம். பட்டா விவரம் பல ஆண்டுகளாக எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. ஆனாலும் பார்த்தவர் திருத்த முடியாததால் வட்டாட்சியர், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று அலைந்துகொண்டுதான் இருக்கிறார். ஊர்க்காரர் போடும் அட்டவணைக்கு மனு வாங்கும் அந்த அலுவலகங்கள்கூடக் கிடையாது. அ-பதிவேட்டில் கடைசிக் கலம் குறிப்பு. உட்பிரிவு செய்த ஆணையின் எண்ணும் தேதியும் ஏறுவது அங்கே. கூகுள் ஷீட்ஸ் யார் எப்போது எதை மாற்றினார் என்று உள்ளே வரலாறு வைத்திருக்கிறது, ஆனால் வெளியிட்ட பக்கத்தைப் பார்ப்பவருக்கு அது தெரியாது. டேபிள்பிரஸில் கடைசியாகத் திருத்திய தேதியையும் திருத்தியவர் பெயரையும் அட்டவணைக்கு அடியில் காட்ட வசதி இருக்கிறது. அதற்கு ஒரு சிறு வரியைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும்.