ஊசியும் விளக்கும்

1908இல் இருந்து 1927வரை ஃபோர்ட் நிறுவனம் செய்து விற்ற மொடல் ரி காரில் எஞ்சின் சூட்டைக் காட்ட மீற்றர் இல்லை. ரேடியேற்றரில் இருந்து ஆவி கிளம்பினால்தான் ஓட்டுகிறவருக்கு விசயம் விளங்கும். அதுக்குள்ள காரியம் கெட்டுப்போயிருக்கும்.

இந்த இடத்தில்தான் ஹரிசன் பொய்ஸ் வருகிறார். 1912இல் அவர் காப்புரிமை பெற்ற மோட்டோமீற்றர், ரேடியேற்றர் மூடியில் பூட்டுகிற ஒரு வெப்பமானி. தண்ணிக்கு மேலே நிற்கும் ஆவியின் சூட்டுக்கு அதிலுள்ள சிவப்புத் திரவம் ஏறும். ஓட்டுகிறவர் இருந்த இடத்தில் இருந்தே அதைப் பார்க்கலாம். கம்பெனி தராததைச் சனம் தாங்களே வாங்கிப் பூட்டினார்கள்.

பிறகு மீற்றர்கள் டாஷ்போட்டுக்குள் வந்தன. ஆனால் 1930களில் ஹட்சன் நிறுவனம் ஒயில் அழுத்த மீற்றரை எடுத்துவிட்டு எச்சரிக்கை விளக்கை வைத்தது. காலப்போக்கில் மற்றவர்களும் அந்த வழியில் போனார்கள். அமெரிக்கர்கள் அதை 'முட்டாள் விளக்கு' எண்டு நக்கலடித்தார்கள்.

நக்கலிலும் நியாயம் இருக்கு. விளக்கு எல்லை தாண்டிய பிறகுதான் எரியும். ஊசி எல்லையை நோக்கிப் போறதையே காட்டும். இண்டைக்குப் பல கார்களில் சூட்டு ஊசிகூட, சூடு கொஞ்சம் கூடினாலும் நடுவிலேயே நிற்கிற மாதிரித்தான் செய்யப்பட்டிருக்கு.

அதனால் வெளியில் மீற்றர் வாங்குகிறவர் அழகைப் பார்க்க முதல், அதில் இலக்கங்கள் இருக்கா எண்டு பார்க்க வேணும். முதலில் ஒயில் அழுத்தமும் தண்ணிச் சூடும், மற்றதெல்லாம் பிறகு. என்ர எஞ்சினுக்குள்ள நடக்கிறதை நான் அறிய வேணுமா, இல்லை ஆரோ முடிவெடுத்துச் சொல்லும்வரை காத்திருக்க வேணுமா? பொய்ஸ் காலத்துக் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கு.