குன்னூர் எலிகளும் புழுங்கலரிசியும்

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையை ஒதுக்கி, ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவரிடம் கொடுத்தார்கள். அவர் ஆராய வேண்டிய நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், முற்றினால் இதயமே ஓய்ந்துவிடும். இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி என்ற துறை முளைவிட்டது அந்த ஓர் அறையில்தான்.

அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி அதிகம் தாக்கியது ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களை. தெற்கே தமிழ் மாவட்டங்களிலும் சோறுதான் சாப்பாடு. ஆனால் நோய் அரிது. வித்தியாசம், தெற்கே நெல்லைப் புழுங்கலாக்க அவிக்கும் அண்டாவில் இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் ஓரளவு தங்கும். பச்சரிசியில் தவிடு போனால் வைட்டமினும் போச்சு.

மெக்காரிசன் செய்த ஒரு சோதனை நம்மூர்க்காரருக்குக் கொஞ்சம் சங்கடமானது. இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து எடைபோட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. கடைசி இடம் சென்னைச் சாப்பாட்டுக்கு!

மெக்காரிசன் 1935-ல் ஓய்வு பெற, அடுத்து வந்த அய்க்ராய்டு 1937-ல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். அரிசி முதல் முருங்கைக்கீரை வரை, எதில் எவ்வளவு புரதம், எவ்வளவு இரும்பு என்று எண்ணில் சொன்ன கையேடு அது. ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. குன்னூர் அறை திறந்த அதே 1918-ல் சேலத்தில் பிறந்த சி.கோபாலன், 1960-களில் அதன் இயக்குநராக இருந்தார்.

கல்லூரிகளில் ஊட்டச்சத்துப் படிப்பு மனையியலின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைந்தது. டெல்லி லேடி இர்வின் கல்லூரி 1932-ல் வந்தது. கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-ல். அமெரிக்காவில் ஊட்டச்சத்து படித்துத் திரும்பிய ராஜம்மாள் தேவதாஸ் கோவைக் கல்லூரியை வளர்த்தெடுத்தார். ‘சமையல் படிப்பு’ என்று கேலி செய்தவர்களும் உண்டு.

படித்தவர்களுக்கு வேலையைக் கொண்டுவந்ததில் பசிக்கும் பங்கு உண்டு. காமராஜரின் மதிய உணவு 1956-ல், அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ல், எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982-ல். குழந்தையை எடைபோட, மெலிவை அடையாளம் காண, ஊழியர்களுக்குப் பயிற்சி தர ஆள் வேண்டியிருந்தது. மருத்துவமனைகளும் டயட்டீஷியனைத் தேடின. பொட்டாசியம் ஏறிய சிறுநீரக நோயாளிக்கு இளநீர் ஆகாது என்று சொல்லிவிட்டு, அவர் வேறு எதைக் குடிக்கலாம், எவ்வளவு குடிக்கலாம் என்று கணக்குப் போட்டுத் தருவது டயட்டீஷியனின் வேலை. இன்று உணவு ஆலைகளின் தரப் பிரிவு, விளையாட்டு அணிகள், ஆராய்ச்சி, கற்பித்தல் என்று வழிகள் கூடியிருக்கின்றன. 2021-ம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்முறையாளர் சட்டம் உணவியல் வல்லுநர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஆனாலும் பயிற்சி தொடங்குவது வீட்டுத் திண்ணையில்தான். “நேத்து காலைல இருந்து என்னென்ன சாப்பிட்டீங்கம்மா?” என்று மாணவி கேட்பார். எதிரில் இருப்பவர், “ரெண்டு கரண்டி சோறு” என்பார். எந்தக் கரண்டி? மாணவி பையிலிருந்து அளவுக் கிண்ணங்களை எடுத்து வரிசையாக வைப்பார். கிண்ணத்தைக் காட்டச் சொல்லி, வெந்த சோற்றை அரிசி எடையாக்கி, சத்துப் பட்டியலைத் திறப்பார். கோபாலன் குழு தயாரித்த பட்டியலில், 100 கிராமுக்குத் தயமின் ஆலைப் பச்சரிசியில் 0.06 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலில் 0.21. எந்த வரியைப் பார்ப்பது என்று தெரிய மாணவி அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும்: “புழுங்கலரிசியாம்மா, பச்சரிசியா?”