வங்கி போனஸ்: 1933-ல் கேட்ட கேள்வி

நஷ்டம் வந்த வருடத்தில் போனஸ் எப்படி வரும்? பி.காம். முதல் வருட மாணவனுக்கே வரக்கூடிய சந்தேகம்தான். 2009 மார்ச்சில் அமெரிக்கா முழுவதும் இதைத்தான் கேட்டது. மூழ்கப்போன ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த அரசு 18,000 கோடி டாலர் வரை ஒதுக்கியிருந்தது. அதே நிறுவனம், அதை மூழ்கடித்த பிரிவின் ஊழியர்களுக்கே 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். சில நாட்களிலேயே பிரதிநிதிகள் சபை இப்படிப்பட்ட போனஸுக்கு 90% வரி என்று 328-93 ஓட்டில் மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் அது அப்படியே கிடந்துபோனது.

இதே கோபம் 76 வருடம் முன்பும் வந்தது. அப்போது அது சட்டமாக மாறியது. எப்படி?

1929-ல் பங்குச்சந்தை சரிந்தது. அடுத்த சில வருடங்களில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடின. சேமிப்புக்கு மத்திய அரசின் காப்பீடு கிடையாது. போட்ட பணம் போனது போனதுதான். செனட் கமிட்டி ஒன்று விசாரித்துக்கொண்டிருந்தது, ஆனால் பெரிதாக எதுவும் வெளியே வரவில்லை. 1933 ஜனவரியில் ஃபெர்டினாண்ட் பெக்கோரா என்ற வக்கீலை வேலைக்கு எடுத்தார்கள். சிசிலியில் பிறந்து, சிறு வயதில் நியூயார்க் வந்தவர். சம்பளம் மாதம் 255 டாலர்.

பிப்ரவரி 21-ம் தேதி அவர் முன்னால் வந்து உட்கார்ந்தவர் சார்லஸ் மிட்செல். நேஷனல் சிட்டி பேங்க் தலைவர். (இன்றைய சிட்டி குரூப்பின் முன்னோடி இந்த வங்கிதான். இதை நினைவில் வையுங்கள்.) பெக்கோரா வங்கியின் கணக்குகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். மிட்செலின் சம்பளம் வருடத்துக்கு 25,000 டாலர். ஆனால் போனஸோடு சேர்த்து 1929-ல் வாங்கியது பத்து லட்சம் டாலருக்கு மேல்!

அந்த லாபம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் பெக்கோரா கெட்டிக்காரர். வங்கிக்கு ஒரு துணை நிறுவனம் இருந்தது. பங்கும் கடன் பத்திரமும் விற்பது அதன் வேலை. பெரு நாட்டுக்குக் கடன் கொடுப்பது ஆபத்து என்று அவர்களுடைய ஆட்களே எழுதிய அறிக்கைகள் கையில் இருந்தும், அதே பெருவின் பத்திரங்களைப் பொதுஜனத்திடம் விற்றார்கள். வங்கியின் பெயரை நம்பி வாங்கியவர்கள் பணத்தை இழந்தார்கள். லாபத்தில் அதிகாரிகளுக்குப் பங்கு உண்டு, நஷ்டத்தில் பங்கு இல்லை.

இன்னொன்றும் வெளியே வந்தது. சரிவு வந்தபோது உயர் அதிகாரிகளுக்கு 24 லட்சம் டாலர் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்திருந்தார்கள். சுமார் 5% தான் திரும்பி வந்தது. சாதாரண குமாஸ்தாக்களோ, 200 டாலருக்கு மேல் விலை வைத்து வாங்கிய வங்கிப் பங்குகளுக்கு, விலை 40 டாலர் பக்கம் விழுந்த பிறகும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு, மிட்செல் மனைவிக்கே பங்குகளை 'விற்று' நஷ்டம் காட்டி 1929-க்கு வருமான வரி கட்டாமல் விட்டதும் தெரிந்தது. ஒரு வாரத்துக்குள் ராஜினாமா செய்தார். (வரி ஏய்ப்பு கிரிமினல் வழக்கில் விடுதலை ஆனார். ஆனாலும் 1938-ல் உச்ச நீதிமன்றம், அரசு அவரிடம் அபராதம் வசூலிக்கலாம் என்று தீர்ப்பளித்தது.)

1933 ஜூன் 16-ல் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் வந்தது. டெபாசிட் வாங்கும் வங்கி வேறு, பத்திரம் விற்கும் நிறுவனம் வேறு என்று பிரித்தது. டெபாசிட்டுக்குக் காப்பீடு தந்தது. வங்கி அதிகாரிகள் சொந்த வங்கியிலேயே கடன் வாங்கத் தடை போட்டது. போனஸ் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று ஒரு வரி கூட அதில் இல்லை. போனஸ் விளைந்த நிலத்தைத்தான் அது வேலி போட்டுப் பிரித்தது.

இந்தச் சட்டம் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அப்போது மூடிய பெரும்பாலான வங்கிகள் சின்ன ஊர் வங்கிகள், பத்திர வியாபாரத்தால் விழுந்தவை அல்ல. ஆனால் காப்பீடு வந்த பிறகு, வதந்தி கேட்டு வங்கி வாசலில் கூட்டம் முண்டியடிப்பது வெகுவாகக் குறைந்தது.

1999-ல் அந்த வேலியின் முக்கியமான பகுதியை எடுத்துவிட்டார்கள். 2008-ல் சிட்டி குரூப்பின் நஷ்டம் 2,770 கோடி டாலர். அரசு கொடுத்த உதவி 4,500 கோடி. அந்த வருடத்துக்கான போனஸ் 533 கோடி! நியூயார்க் அட்டர்னி ஜெனரலின் 2009 அறிக்கை சொல்லும் கணக்கு இது.

2010-ன் டாட்-ஃபிராங்க் சட்டம், ஆபத்தைத் தூண்டும் ஊக்கத்தொகைக்கு ஒன்பது மாதத்தில் விதி எழுதச் சொன்னது. 2011, 2016, 2024 என வரைவுகள் வந்தன, 2024 முடிந்தபோதும் இறுதி விதி வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் உச்சவரம்பு போட்டது, வெளியேறிய பிரிட்டன் 2023-ல் அதை நீக்கியது.

2009-ல் எல்லோரும் 'எவ்வளவு?' என்று கேட்டார்கள். பெக்கோரா 'எதை விற்று?' என்றும் சேர்த்துக் கேட்டார். தொகையைப் பார்த்து வரும் கோபம் அடுத்த செய்தி வந்ததும் ஆறிவிடும். கணக்குப் புத்தகத்தைத் திறக்க வைத்த கோபம்தான் சட்டம் ஆனது.