தீவனத் தொட்டியில் வைக்கப்பட்டவர்

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு கடந்துவிட்டால், நம் பங்குகளில் இளைஞர்கள் குடில் கட்டத் தொடங்கிவிடுவர். மூங்கிலும் வண்ணத்தாளும் மின்விளக்குகளும் வந்து சேரும். பெட்டியில் உறங்கிய சுரூபங்கள் தூசு துடைக்கப்பெறும். மாடும் கழுதையும் ஒரு மூலையில் நிறுத்தப்படும். அவை ஏன் அங்கே நிற்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. காங்கேயம் காளைகளின் தாயகமாகிய வெள்ளகோவில் வட்டாரத்திலேனும் அந்த மாட்டைக் குறித்துச் சற்று விசாரிப்பது தகும் என எண்ணுகிறோம்.

லூக்கா தம் நற்செய்தியில் மாட்டையோ கழுதையையோ குறிப்பிடவேயில்லை. அவர் சொல்வது தீவனத் தொட்டி ஒன்றையே. ஆனால் அதனை ஒரே அதிகாரத்தில் மும்முறை சொல்கிறார். இடையர்களுக்கு அளிக்கப்பட்ட அடையாளமும் அதுவே. மாடு எசாயா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து வந்தது. காளை தன் உடைமையாளனையும், கழுதை தன் தலைவனின் தீவனத் தொட்டியையும் அறிந்திருக்க, இறைமக்களோ தம் ஆண்டவரை அறியவில்லை என்பது அங்கே இறைவாக்கினரின் புலம்பல். 4ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவக் கல்பேழைகளிலேயே குழந்தையின் அருகே இவ்விரு விலங்குகளும் செதுக்கப்பட்டுள்ளன. சிலவற்றில் மரியாவும் சூசையும்கூட இல்லை! டிசம்பர் 25ஆம் நாளைக் கிறிஸ்து பிறந்த நாளாகக் குறிக்கும் உரோமைப் பட்டியலும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தது (354). ஆகவே மாடு அலங்காரத்திற்காக வந்ததன்று. நம்மீது சாட்டப்பட்ட குற்றத்திற்குச் சாட்சியாக வந்தது.

இந்தச் சாட்சியை உயிரோடு கொண்டுவந்து நிறுத்தியவர் அசிசி நகர் பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு, பெருவிழாவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன், அதாவது இதே திருவருகை நாட்களில், இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில் யோவான் என்ற நண்பரை அழைத்து ஏற்பாடுகளைச் செய்யச் சொன்னார். தீவனத் தொட்டி ஒன்று, அதில் வைக்கோல், அருகே உயிருள்ள மாடும் கழுதையும், ஏற்பாடு அவ்வளவே. குழந்தையின் சுரூபம் அங்கு வைக்கப்பட்டதாகச் செய்தி இல்லை. ஊரார் தீப்பந்தங்களோடு திரண்டனர். அத்தொட்டியின்மேல் குரு ஒருவர் திருப்பலி நிறைவேற்றினார். திருத்தொண்டராகிய பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரையாற்றினார். பெத்லகேம் என்ற பெயரை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் அவர் உச்சரித்தாராம்! சில ஆண்டுகளுக்குள் அவரது வரலாற்றை எழுதிய செலானோ தோமா இவற்றைப் பதிவு செய்துள்ளார்.

காலியான தொட்டி, அதன்மேல் திருப்பலி: பிரான்சிசின் இறையியல் முழுவதும் இதில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. தீவனம் வைக்கும் இடத்தில் குழந்தை வைக்கப்பட்டார். பெத்லகேம் என்பதற்கே அப்பத்தின் வீடு என்றுதான் பொருள். அவர் நமக்கு உணவாகும்படி அங்கே கிடத்தப்பட்டார் எனப் புனித அகுஸ்தினாரும் போதித்துள்ளார். இதை விளங்கிக்கொள்ளக் கொங்கு நாட்டாருக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. கிளுவை வேலியிட்ட கொறங்காடும், கொழுக்கட்டைப் புல்லும், சோளத்தட்டுப் போரும் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். மழை பொய்த்த ஆண்டில் வீட்டுச் செலவைக் குறைத்துத் தட்டு வாங்கியவர்களை நாம் அறிவோம். கண்ணபுரம் சந்தைக்கு மாட்டை ஓட்டிச் சென்றவர் கண்ணீரோடு திரும்பியதையும் அறிவோம். இன்று விசைத்தறியும் உழுவை இயந்திரமும் வந்து, பல வீடுகளில் கட்டுத்தறி வெறுமையாகிவிட்டது. மறைக்கல்வி வகுப்பில் தீவனத் தொட்டி என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளும் இருக்கின்றனர்.

சென்ற ஆண்டு திருக்காட்சி விழா முடிந்து குடிலைப் பிரித்தபோது, முதியவர் ஒருவர் தயங்கியபடி நம்மிடம் வந்தார். "சாமி, குழந்தை ஏசுவுக்குப் போட்ட வைக்கோலை மாட்டுக்குப் போட்டாத் தப்புங்களா?" என்று கேட்டார். வீட்டில் பசு ஒன்று நோயாய்க் கிடந்ததாம். கிரேச்சோவின் வைக்கோலையும் ஊரார் எடுத்துவைத்து, பிணியுற்ற கால்நடைகளுக்குத் தின்னக் கொடுத்தனர் என்று செலானோ தோமா எழுதியிருப்பதை அவருக்குச் சொன்னோம். அவர் துண்டை விரித்து, ஒரு துரும்பும் சிந்தாமல் அள்ளிக் கட்டிக்கொண்டு போனார்.